முன்விளக்கு: தேறவில்லை

ரூமா ஞெலம்பாய் நீளவீடு, ஜூலாவ்
மார்ச் 3

மிண்டு,

இதைப் பிரிக்கும்போது நீ அலுவலகத்தில் இருந்தால் மேலே படிக்காதே. வீட்டுக்குப் போய்ப் படி. உன்னோடு வேலை செய்பவர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி இது இருக்காது.

"போன் பண்ணித் திட்டிட்டுப் போங்களேன், எதுக்குப் பேப்பரை வீணாக்குறீங்க" என்கிறாள் உன் அண்ணி எம்பியாங். போனில் திட்டினால் நீ நடுவில் பேசுவாய். அதுவுமில்லாமல் இங்கே சிக்னல் பிடிக்க ரப்பர் தோட்டத்துக்கு மேலே மேடு ஏற வேண்டும். ஏறி முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். எனக்கு அது இறங்க வேண்டாம். உன் நம்பரையும் தடுத்து வைத்துவிட்டேன்.

நேற்று விடியற்காலை கிளம்பி, ஆறரைக்கெல்லாம் சிபுவில் உங்கள் வாகனப் பரிசோதனை நிலையத்தின் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு வண்டிகள். என் முறை வந்தபோது சோதிக்க வந்தது யார்? என் கூடப்பிறந்தவள். ஒரு சிரிப்பு உண்டா, ஒரு தலையாட்டல் உண்டா? "ஐயா, எஞ்சினை ஆஃப் பண்ணாதீங்க. டிம் போடுங்க. பிரைட் போடுங்க." ஐயாவாம்! பிரேக் சரி, டயர் சரி, புகை சரி என்று வரிசையாகக் குறித்துவிட்டுக் கடைசியில் ஒரு தாளைக் கையில் திணித்தாய். "முன்விளக்கு: தேறவில்லை."

எனக்குப் பின்னால் நின்ற மர லாரிக்கார சாவோங் கேட்டான்: "என்னண்ணே, தங்கச்சியே கவுத்துட்டாளா?" இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வீடு வந்து சேரும்வரை அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை.

எதற்காக அந்த வெள்ளை எல்.ஈ.டி. பல்பை மாட்டினேன் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? தினமும் விடியற்காலை நான்கு மணிக்குப் பதினோரு பெண்கள் கீரைக்கட்டும் பூசணியும் கால் கட்டிய கோழியுமாக என் வேனில் ஏறி சிபு சந்தைக்குப் போகிறார்கள். வழியில் ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. பள்ளம் எது, நிழல் எது என்று தெரியாது. செம்பனை லாரிக்காரன் பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிறுத்திவிட்டுத் தூங்குவான். பழைய மஞ்சள் பல்பு காட்டுவதை வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு எம்பியாங் முன்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

எதிரே வருகிற புதுக் கார்களைப் பார். எல்லாம் கம்பெனியிலிருந்தே வெள்ளை விளக்கோடு வருகின்றன. அதைச் சட்டம் ஒன்றும் சொல்லாது. பதினான்கு வருடத்துப் பழைய வேனை வைத்திருப்பவன் அதே வெள்ளையைக் கடையில் வாங்கி மாட்டினால் மட்டும் குற்றம். பணக்காரனுக்கு ஒரு வெளிச்சம், எனக்கு ஒரு வெளிச்சமா?

காவாய் அறுவடைத் திருநாளுக்கு வந்தால் வா. வராவிட்டாலும் இங்கே யாரும் அழப்போவதில்லை.

மங்காட்

*

சிபு
மார்ச் 9

அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில்தான் படித்தேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை, நான் படித்த முகத்தைப் பார்த்தே தள்ளிப் போய்விட்டார்கள்.

முதலில் ஒன்று. சிரிக்கவில்லை என்று பொய் எழுதாதீர்கள். இரண்டு தடவை சிரித்தேன். வண்டியின் அடியைப் பார்க்கிற குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் கையைக்கூட உயர்த்தினேன். என் முகத்துக்கு நேரே பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது நீங்கள். அதற்கப்புறம்தான் நான் ஐயா போட்டேன்.

சொந்தக்காரர் வண்டியைச் சோதிக்கக் கூடாது என்று எங்களுக்கு விதி இருக்கிறது. அன்றைக்கு மற்றவர் விடுப்பு. மேலாளர் லிங்கிடம் போய்ச் சொன்னேன். "நானே பக்கத்துல நிக்கிறேன், நீ பண்ணு" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றாரே, பார்க்கவில்லையா? அவர் எதிரில் உங்களைத் தேறவிட்டிருந்தால் இன்று நான் உங்களோடு சேர்ந்து கீரை விற்க வரவேண்டியதுதான்.

இப்போது பல்பு. பணக்காரன் ஏழை என்று அரசியல் பேசாதீர்கள். உங்கள் வேனின் விளக்குக் கூடு ஹாலோஜன் பல்புக்காகச் செய்தது. அந்த பல்புக்குள் இழை எங்கே இருக்கிறதோ, அந்த இடத்துக்குக் கணக்காகத்தான் பின்னாலிருக்கும் கண்ணாடியை வளைத்திருக்கிறார்கள். அதில் எல்.ஈ.டி.யைச் செருகினால் வெளிச்சம் வேறு இடத்திலிருந்து கிளம்பும், கண்ட பக்கம் சிதறும். டிம் போட்டால் கருவியின் திரையில் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கோடு போட்டாற்போல் தெரிய வேண்டும். உங்களுடையதில் கோடே இல்லை. கஞ்சி கொட்டினாற்போல் எல்லாப் பக்கமும் வெள்ளை. அந்த வெளிச்சம் சாலையில் விழாது, எதிரே வருகிறவன் கண்ணில் விழும். புதுக் காரில் வெள்ளை விளக்குக்கென்றே கூடு செய்து, சோதித்து, முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். வித்தியாசம் அதுதான்.

பழைய பல்பை மாட்டிக்கொண்டு பதினான்கு நாளுக்குள் வாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதற்கா ஒரு கடிதம்?

அண்ணியை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மிண்டு

*

ரூமா ஞெலம்பாய்
மார்ச் 17

மிண்டு,

உன் ஐந்து நிமிட வேலையை முடித்துவிட்டேன். சந்தோஷமா?

திங்கட்கிழமை சாயங்காலம் ஜூலாவ் கடைத்தெருவில் அசெங் கடையில் மஞ்சள் பல்பை மாட்டினேன். வண்டிச் சாமான் விற்கிற அசெங்கை உனக்குத் தெரியும். அவன் ஒரே சிரிப்பு. "மாட்டிட்டுப் போங்கண்ணே. வெள்ளையை டப்பாவுல போட்டு வெக்கிறேன். பாஸானதும் வாங்க, திரும்ப மாட்டித் தரேன். வாரத்துக்குப் பத்து பேருக்கு எனக்கு இதான் பொழப்பு" என்றான்.

புதன்கிழமை உனக்கு வேலை இல்லாத நேரம் பார்த்து வந்தேன். வேறொருவர் சோதித்தார். தேறிவிட்டேன். அன்று மத்தியானமே வெள்ளை பல்பு பழைய இடத்துக்குப் போய்விட்டது. கூடவே கூரை மேல் நீளமாக ஒரு பார் லைட்டும் போட்டுக்கொண்டேன். எரியவிட்டால் கோழி விடிந்துவிட்டதென்று கூவுகிறது. எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். உன் சட்டம் வருடத்தில் இரண்டு நாள் உயிரோடு இருக்கிறது, மற்ற நாளெல்லாம் டப்பாவுக்குள் தூங்குகிறது.

உன் மஞ்சள் பல்பு நடுவில் என்ன செய்தது என்றும் கேட்டுக்கொள். செவ்வாய்க்கிழமை சந்தை ஓட்டம் இல்லை, காலை ஏழு மணிக்கு வேனை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். வளைவில் நம் நீளவீட்டு உஞ்சாட் மிளகு மூட்டையைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு அவர் தெரியவே இல்லை. கடைசி நேரத்தில் மிதித்த மிதியில் பின்சீட்டுப் பூசணியெல்லாம் என் காலடிக்கு உருண்டு வந்தது. "கண்ணை எங்கடா வெச்சுக்கிட்டு ஓட்டுற?" என்று நடுரோட்டில் கத்தினார். ஒரு மனிதனைக் கொன்றிருப்பேன். எல்லாம் நீ மாட்டச் சொன்ன பல்பால்.

மங்காட்

*

சிபு
மார்ச் 25

அண்ணா,

இதையெல்லாம் யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கொஞ்சமாவது யோசித்தீர்களா? நான் உங்கள் தங்கை மட்டுமில்லை, அந்தச் சீட்டில் முத்திரை குத்துகிறவள். பரிசோதனையை ஏமாற்றினேன், பாராட்டு என்று எனக்கே கடிதம் போடுகிறீர்கள். உங்கள் கடிதத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். கூரை மேல் பார் லைட் வேறு!

நேற்று எங்கள் கவுண்ட்டருக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ரிமோங். ஜூலாவ் பக்கத்துக் கிராம கிளினிக்கில் நர்ஸ். இருபத்தாறு வயதிருக்கும். கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு.

"அக்கா, உங்ககிட்ட வேன் பதிவேடு இருக்கும்ல? ஒரு வேனைக் கண்டுபிடிக்கணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஒரு பிரசவம் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பியிருக்கிறாள். வளைவில் எதிரே ஒரு வேன். "சூரியனையே தலையில கட்டிக்கிட்டு வந்தான். நான் பிரைட் அடிச்சுக் காட்டினேன், டிம் பண்ணவே இல்ல. ரோடும் தெரியல, ஓரமும் தெரியல. கால்வாய்க்குள்ள கிடந்தேன். அவன் பாட்டுக்குப் போயிட்டான்." நம்பர் தெரியாதாம். கூரை மேல் நீள விளக்கு, வலது பக்கக் கண்ணாடியில் ஒரு சிவப்புத் துணி. அவ்வளவுதான் தெரியுமாம்.

அந்தச் சிவப்புத் துணியைக் கட்டியது எம்பியாங் அண்ணி என்று எனக்குத் தெரியும்.

"பதிவேட்டை வெளியாருக்குக் காட்ட முடியாதும்மா" என்றேன். அது விதிதான். ஆனால் விதிக்காக நான் அதைச் சொல்லவில்லை. அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள், அண்ணா. மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

இன்னொன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு உஞ்சாட்டைத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு மணிக்கு விடிந்து வெயிலே வந்திருக்கும். அந்த நேரத்தில் பல்பு மஞ்சளாயிருந்தால் என்ன, வெள்ளையாயிருந்தால் என்ன?

மிண்டு

*

ரூமா ஞெலம்பாய்
ஏப்ரல் 2

வெயில் நேரே கண்ணில் அடித்தது. அவ்வளவுதான். இதில் துருவித் துருவிக் கேட்க ஒன்றும் இல்லை.

மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் அந்த வளைவில் வேகமாகத்தான் வருகிறார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. யாரும் விழுந்ததாக எனக்குத் தெரியாது.

இனிமேல் எழுதாதே.

மங்காட்

அவளுக்கு எந்தக் கை?

*

சிபு
ஏப்ரல் 8

அண்ணா,

இடது கை. இரண்டு எலும்பும் முறிந்திருக்கிறது.

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் மூன்று கடிதங்களையும் அரிசி டப்பாவிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தேன். எல்லாவற்றிலும் ஒரே பேச்சு. தெரியவில்லை, தெரியவில்லை, தெரியவில்லை. உஞ்சாட்டைத் தெரியவில்லை. நர்ஸைத் தெரியவில்லை. அவள் பிரைட் அடித்துக் காட்டியதும் தெரியவில்லை. பள்ளமா நிழலா என்று தெரியவில்லை. உங்கள் எழுத்தும் ஒவ்வொரு கடிதத்திலும் பெரிதாகிக்கொண்டே வருகிறது. கடைசிக் கடிதத்தில் ஒரு வரிக்கு நான்கு வார்த்தைதான்.

அப்புறம் அந்தப் பரிசோதனைப் பாதை. பட்டப்பகல். நான் எட்டடி தூரத்தில் நின்று சிரித்தேன். கையை ஆட்டினேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள் என்று ஒரு மாதமாகப் பொருமிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் திருப்பிக்கொள்ளவில்லை, இல்லையா? குரலைக் கேட்ட பிறகுதான் நான் என்று உங்களுக்குத் தெரிந்தது.

பல்பைப் பற்றி இனி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். எனக்கு ஒரே பதில் போதும். எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது?

மிண்டு

*

ரூமா ஞெலம்பாய்
ஏப்ரல் 28

மிண்டு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. கடைக்காரர் கொடுத்தனுப்பினார். எம்பியாங்கைப் படிக்கச் சொல்லாமல் ஆற்றங்கரைக்கு எடுத்துப்போய், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தேன். பாதிதான் படிக்க முடிந்தது. மீதியை ஊகித்துக்கொண்டேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

முதலில் முன்கண்ணாடி அழுக்கென்று நினைத்தேன். தினமும் துடைத்தேன். அப்புறம் வைப்பரை மாற்றினேன். ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டதென்று பற்பசை போட்டுத் தேய்த்தேன். பிறகு வெள்ளை பல்பு. அதுவும் பற்றாமல் பார் லைட். அசெங் கடையில் இருக்கிற எல்லா விளக்கையும் வாங்கி மாட்டினாலும் ரோடு அப்படியேதான் இருந்தது. எதிரே வண்டி வந்தால் அதன் விளக்கு தேங்காயளவு இருந்தது பலாப்பழமாகி, கடைசியில் முன்கண்ணாடி முழுக்க அதுதான். அது கடந்து போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரே ஓட்டுவேன். பின்னால் பதினோரு பேர் கதை பேசிக்கொண்டு வருவார்கள்.

சொன்னால் என்ன ஆகும்? ஆகஸ்டில் வாடகை வண்டி லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சீட்டு வேண்டும். போன தடவை எனக்கு முன்னால் நின்றவன் எழுத்துகளைச் சத்தமாகப் படித்தான். அதைக் கேட்டு மனப்பாடமாகச் சொல்லிவிட்டேன். உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்கிறேன். நீ அதிகாரி என்பதும் தெரியும். என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

வேனை எடுத்துவிட்டால் நான் என்ன செய்வேன், மிண்டு? இருபத்திரண்டு வருடமாக, இத்தனை குடும்பங்கள் இருக்கிற இந்த நீளவீட்டில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வேன் வந்துருச்சா, வேன் கிளம்பிருச்சா" என்றுதான் கேட்பார்கள். அது நான்தான்.

போன வாரம் அந்த நர்ஸ் வீட்டுக்குப் போனேன். நடந்துதான் போனேன், இரண்டு மணி நேரம். ஒரு கோழியை எடுத்துக்கொண்டு போனேன். வேறு என்ன எடுத்துப் போவதென்று தெரியவில்லை.

"அந்த வேன் என்னுதும்மா" என்றேன்.

பிடித்தாள் ஒரு பிடி. "ஒரு மாசமா ஒத்தைக் கையால தலை வாரிக்கிட்டு இருக்கேன்! கால்வாயில தண்ணி இருந்திருந்தா? நின்னு பாக்கணும்னு தோணலயா உங்களுக்கு? கோழியாம் கோழி! தூக்கிட்டுப் போங்க அதை!"

"நீ விழுந்ததே எனக்குத் தெரியலம்மா."

"எப்படித் தெரியாம இருக்கும்? உங்க முன்னால தானே விழுந்தேன்!"

"கண்ணு தெரியல" என்றேன். அப்போதுதான் அந்த வார்த்தையை முதல்தடவையாக வாயால் சொன்னேன். எம்பியாங்கிடம்கூடச் சொன்னதில்லை.

அவள் முகம் மாறவில்லை. கோபம் கோபமாகவே இருந்தது. "உக்காருங்க" என்று அதட்டினாள். உள்ளே போய்ச் சின்ன டார்ச் கொண்டுவந்து, மாவுக்கட்டுக் கையால் என் தாடையை நிமிர்த்திப் பிடித்து, கண்ணுக்குள் அடித்தாள். இரண்டு கண்ணிலும்.

"புரை விழுந்திருக்கு மாமா. ரெண்டுலயும். வலது ரொம்ப முத்திருச்சு. இதை வெச்சுக்கிட்டா இத்தனை பேரை ஏத்திக்கிட்டுப் போனீங்க?" என்றாள். பிறகு, "ஆபரேஷன் பண்ணா சரியாயிடும். இதுக்கா இத்தனை லைட்டு?" என்றாள்.

அன்றைக்கே போலீஸ் நிலையத்துக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். விளக்குக்குத் தனியாக ஒரு அபராதத் தாள், அவளை விழவைத்ததற்குத் தனியாக ஒரு தாள் கொடுத்தார்கள். வேன் சாவியை எம்பியாங்கிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதை எங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியாது, தேடவும் தெரியாது.

கோழியை அவள் வைத்துக்கொண்டாள்.

அண்ணன்

*

சிபு
மே 6

அண்ணா,

ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். முதலில் அடுத்த வருடம் பிப்ரவரி என்றார்கள். "ஓட்டுநர்" என்றேன். "எல்லாரும் ஏதோ ஒண்ணுதான்" என்றாள் அந்தப் பெண். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். நான்காம் நாள் என்னைப் பார்த்ததுமே தேதிப் புத்தகத்தைத் திறந்துவிட்டாள். யாரோ வரமுடியாதென்று சொன்ன இடம், ஜூலை 17, வலது கண். மே 20 அன்று கண்ணை அளக்க வரவேண்டும். சந்தைக்கு வருகிற கிலாவ் வேனில் வாருங்கள், நான் விடுப்பு எடுத்துக்கொண்டு காத்திருப்பேன். எழுத்துகளை யார் சத்தமாகப் படித்தாலும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். மேலாளர் லிங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் வந்தது, எனக்குத் தெரிந்தே சொல்லாமல் அனுப்பியது, உங்கள் கடிதம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டார். "ஏன்மா, சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. எழுத்தில் ஒரு எச்சரிக்கை. நான்கு மாதம் வண்டி பக்கம் போகக்கூடாது, கவுண்ட்டரில் உட்கார்ந்து எண் சீட்டுக் கிழிக்க வேண்டும். கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அந்தப் பதினோரு பேரையும் ஒவ்வொருவராக எண்ணிப் பார்க்கிறேன். ஆனால் அந்த இரண்டு மணி நேர நடையையும் நினைக்கிறேன். கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் எரிச்சலாக இருக்கிறது.

அந்த வெள்ளை பல்புகளை அசெங்கிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள். இன்னொருவனுக்கு மாட்டிவிடுவான். உடைத்துவிடுங்கள்.

மிண்டு

*

ரூமா ஞெலம்பாய்
ஆகஸ்ட் 21

மிண்டு,

கண் கட்டுப் பிரித்து ஒரு மாதம் ஆகிறது. எம்பியாங் இவ்வளவு நரைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. சொன்னேன். "நீங்க மட்டும் என்ன, கண்ணாடியைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். பாராமலே இருந்திருக்கலாம்.

டாக்டர் இன்னும் ஓட்டச் சொல்லவில்லை. இடது கண்ணும் முடிந்து, சீட்டுக் கொடுத்த பிறகுதான். சரி என்றேன். அதுவரை கிலாவ் தன் வேனை விட்டுவிட்டு என்னுடையதை ஓட்டுகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். வேனில் இப்போது மஞ்சள் பல்புதான். பார் லைட்டைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குக் கம்பியாக்கிவிட்டேன். வேறொருவர் சோதித்து, இந்த முறை ஏமாற்றாமலே தேறியது. அசெங்கும் முத்திரை பார்த்துத்தான் பல்பு விற்கிறேன் என்கிறான். நான் அதை நம்பவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதைக் கோபப்படாமல் கேள். இரண்டு வாரமாக விடியற்காலை நான்கு மணிக்கு, நல்ல கண்ணோடு, நல்ல பல்போடு, ஓட்டுகிற கவலையும் இல்லாமல் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறேன். அந்த வளைவு இருட்டுதான், மிண்டு. என் கண்ணில் கோளாறு இருந்தது உண்மை. ரோட்டிலும் கோளாறு இருக்கிறது. ஓரக்கோடு அழிந்து எத்தனை வருடமோ. எச்சரிக்கைப் பலகையைக் கொடி மூடிவிட்டது. கால்வாய்க்குத் தடுப்பே இல்லை. கிலாவுக்கு முப்பது வயது, கழுகுக் கண். அவனும் அங்கே வந்தால் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொள்கிறான். இப்படி ரோடு இருந்தால் அடுத்த முட்டாள் அசெங் கடைக்குப் போகாமல் எங்கே போவான்?

ரிமோங்கிடம் சொன்னேன். கட்டுப் பிரித்துவிட்டாள், விரல்தான் இன்னும் முழுக்க மடங்கவில்லை. "நான் ரெண்டு வருஷமா இதையே சொல்லிட்டு இருக்கேன் மாமா, யார் கேட்டா?" என்றாள். இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். விளக்குக் கம்பம் வேண்டாம், அது நடக்காது. வெளிச்சம் பட்டால் மின்னுகிற கட்டைகள் பதிக்கட்டும், ஓரக்கோடு போடட்டும், தடுப்பு வைக்கட்டும். மூன்று நீளவீடுகளில் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். உஞ்சாட் கையெழுத்துப் போடும்போதும் என்னைத் திட்டிக்கொண்டேதான் போட்டார்.

இதை எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில் கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியாது. உனக்குத்தான் படிவம் என்றால் உயிராயிற்றே. இத்தோடு வைத்திருக்கிறேன்.

உன் நம்பரைத் தடுத்து வைத்ததை எப்படி எடுப்பது என்று எம்பியாங்குக்கும் தெரியவில்லை. ஆகையால் எழுதியே பதில் போடு.

அண்ணன்

*

சிபு
செப்டம்பர் 2

அண்ணா,

நேற்றிலிருந்து நான் மறுபடியும் பரிசோதனைப் பாதையில். முதல் வண்டியே வெள்ளை பல்பு. "என் தங்கச்சியா இருந்தா இப்படிப் பண்ணுவாளா?" என்றார் அந்த மனிதர். தேறவில்லை என்று குறித்துத் தாளைக் கையில் கொடுத்தேன்.

மனுவைத் தட்டச்சு செய்து, மூன்று பிரதி எடுத்து, சாலைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். இரண்டாவது மாடி என்றார்கள். இரண்டாவது மாடியில் கீழே என்றார்கள். கீழே இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். வந்தார், படித்தார், கையெழுத்துகளை எண்ணினார்.

"அந்த இடம் இருட்டுதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் பார்த்திருக்கார்."

"அது போதாதும்மா. போட்டோ வேணும். இருட்டா இருக்கிற போட்டோ."

"இருட்டை எப்படிங்க போட்டோ எடுக்கிறது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஃபிளாஷ் போட்டு எடுங்க" என்றார்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்த மேசையைப் புரட்டியிருப்பேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, உங்களை நினைத்துச் சிரித்தேன், வெகுநேரம். காவலாளி வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். என் காரில்தான். அண்ணியைச் சமைக்கச் சொல்லுங்கள், ரிமோங்கையும் வரச்சொல்லுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். வளைவு வந்ததும் நிறுத்துகிறேன். ஃபிளாஷ் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று எடுப்போம். போடாமல் எடுத்ததில் ஒன்றுமே தெரியாது. அதைத்தான் மேலே வைத்துக் கொடுக்கப்போகிறேன்.

மிண்டு